வளைகாப்புக்கு நகையை மீட்டு, மறுநாள் திரும்ப வைக்கலாமா?

கேள்வி: சேலம் அம்மாபேட்டையில் இருக்கிறோம். எனக்கு 55 வயது. கணவர் ஒரு நூற்பாலையில் கணக்குப் பிரிவில் இருக்கிறார். இன்னும் 9 மாதத்தில் 58 முடிந்து ஓய்வு பெறுகிறார். பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் சேர்த்து 28 லட்சம் வரும். பென்ஷன் மாதம் 5,500. சொந்த வீடு, மாதச் செலவு 23,000. பிரசவத்துக்கென்று 2 லட்சம் டெபாசிட் வைத்திருக்கிறோம். ஒரே மகள், ஓசூரில் இருக்கிறாள். இப்போது ஐந்தாம் மாதம், சித்திரைக் கடைசியில் வளைகாப்பு. என் நகையில் 18 பவுன் பேங்கில் நான்கு பொட்டலமாக இருக்கிறது. கடன் மொத்தம் 7.2 லட்சம், வட்டி 10 சதவீதம். வருடா வருடம் வட்டியைக் கட்டித் திருப்பி வைத்துவிடுகிறோம். வளைகாப்பில் சம்பந்தி வீட்டார் முன்னால் வெறும் கழுத்தோடு நிற்க முடியாது. தெரிந்தவர் ஒருவர் 4 லட்சம் கைமாற்றாகத் தருகிறேன் என்கிறார், மூன்று ரூபாய் வட்டி. ஆரத்தையும் நெக்லஸையும் மீட்டுப் போட்டுக்கொண்டு, மறுநாளே திரும்ப வைத்து அவருக்குக் கொடுத்துவிடலாமா? குழந்தைக்கு 5 பவுன் போடுவீர்கள்தானே என்று சம்பந்தியம்மா வேறு கேட்டிருக்கிறார். பதில் சொல்லாமல் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். பேரக்குழந்தை பெயரில் வருடம் 1 லட்சம் வீதம் பத்து வருடம் கட்டும் பாலிசி ஒன்றை பேங்கில் எடுக்கச் சொல்கிறார்கள். ஓய்வுக்குப் பிறகு காசி, காஷ்மீர் போக வேண்டும் என்று அவருக்கு ரொம்ப நாள் ஆசை. ஏற்காட்டுக்கே போய்ப் பல வருடம் ஆகிறது. கடனையெல்லாம் ஓய்வுப் பணத்தில் அடைத்துவிடலாம்தானே ஐயா?

பதில்: முதலில் வாழ்த்துகள் அம்மா. தாயும் பிள்ளையும் நலமாக இருக்கட்டும்.

கடனையெல்லாம் ஓய்வுப் பணத்தில் அடைத்துவிடலாம்தானே என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். அடைக்கக் கூடாது. கைமாற்றும் வாங்கக் கூடாது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்.

நகைக்கடன் அட்டைகளின் நகலை இணைத்திருந்தீர்கள். அதில்தான் விஷயம் இருக்கிறது. 2019ல் மாடி ஒழுகியதற்கு நான்கு வளையல்களை வைத்து 90,000 வாங்கியிருக்கிறீர்கள். இன்று அதே நான்கு வளையல், அதே 32 கிராம், கடன் மட்டும் 1.5 லட்சம். இடையில் புதிதாக ஒரு நகைகூட அந்தப் பொட்டலத்துக்குள் போகவில்லை. திருப்பி வைக்கும்போதெல்லாம் தங்கம் விலை ஏறியிருக்கிறது, பேங்கில் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார்கள், நீங்களும் வாங்கியிருக்கிறீர்கள். மகள் கல்யாணம், தலைதீபாவளி, மாப்பிள்ளை வீட்டுக் கிரகப்பிரவேசச் சீர் என்று மற்ற மூன்று பொட்டலங்களுக்கும் இதே கதைதான். வீட்டில் ஒரு நல்லது நடந்தால் உடனே நகையைத் திருப்பி வைத்து, ஏறின விலைக்குக் கூடுதல் பணம் எடுப்பது உங்கள் வீட்டில் வழக்கமாகிவிட்டது. நகைக்கடனே தப்பு என்று சொல்ல வரவில்லை. அவசரத்துக்கு அதைவிடச் சுலபமான கடன் கிடையாது. அசல் ஒரு ரூபாய்கூடக் குறையாமல் ஏழு வருடம் ஓடுவதுதான் தப்பு.

இப்போது அந்தக் கைமாற்றைப் பாருங்கள். மூன்று ரூபாய் வட்டி என்றால் மாதத்துக்கு 100க்கு 3, வருடத்துக்கு 36 சதவீதம். இரண்டு வாரம் என்று சொல்லி வாங்கினாலும் இப்படிக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் ஒரு மாத வட்டியைப் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். 4 லட்சத்துக்கு 12,000. ஆரத்தையும் நெக்லஸையும் ஒரு நாள் போட்டுக்கொள்ள 12,000 ரூபாய் வாடகை! சரி, அதுகூடப் போகட்டும். மறுநாள் அதே நகையை எடுத்துக்கொண்டு பேங்குக்குப் போகும்போது என்ன நடக்கும்? 5 லட்சத்துக்கு மேற்பட்ட கடனுக்கு நகை மதிப்பில் 75 சதவீதம் வரை தரலாம் என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. பவுன் ஒரு லட்சம் என்று உத்தேசமாக வைத்தாலே உங்கள் 18 பவுனுக்கு 13.5 லட்சம் வரை கொடுப்பார்கள். கைமாற்றுக்காரருக்கு 4 லட்சம், பந்தல்காரருக்குப் பாக்கி, சமையல்காரருக்குப் பாக்கி, குழந்தைக்கு 5 பவுன். 7.2 லட்சமாக இருந்த கடன் 13 லட்சத்தைத் தொட்டுவிடும். அதற்குப் பிறகு 5 மாதத்தில் சம்பளமும் நின்றுவிடும்.

தங்கம் ஏறிக்கொண்டேதானே இருக்கிறது என்று நினைக்காதீர்கள். 2013ல் உலகச் சந்தையில் ஒரே ஆண்டில் கால் பங்குக்கு மேல் இறங்கியது. கழுத்துவரை கடன் வாங்கியவர்களுக்குத்தான் அப்போது ஏல நோட்டீஸ் பயம்.

ஓய்வுப் பணத்துக்கு வருவோம். நீங்கள் நினைத்திருப்பதுபோல் 28 லட்சத்தில் நகைக்கடனுக்கு 7.2 லட்சம் போகிறது. குழந்தைக்கு 5 பவுன் என்றால் தங்கம் 5 லட்சம், செய்கூலி சேதாரம் 12 சதவீதம் என்று குறைத்தே போட்டாலும், ஜி.எஸ்.டி. 3 சதவீதம் சேர்த்து 5.75 லட்சத்தைத் தாண்டும். மிச்சம் 15 லட்சம். அதை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் இப்போதைய 8.2 சதவீதத்துக்குப் போட்டால் மூன்று மாதத்துக்கு 30,750, அதாவது மாதம் 10,250. பென்ஷனோடு 15,750. உங்கள் செலவோ 23,000.

அதே 28 லட்சத்தில் 27 லட்சத்தை அப்படியே போட்டால் மூன்று மாதத்துக்கு 55,350, மாதம் 18,450. பென்ஷனோடு கிட்டத்தட்ட 24,000. குடும்பம் ஓடும். முதல் கணக்குக்கும் இரண்டாவது கணக்குக்கும் மாதம் 8,000 ரூபாய்க்கு மேல் வித்தியாசம். சம்பளம் இல்லாத வீட்டில் அது சின்னத் தொகை இல்லை.

அப்படியானால் கடனை எதைக் கொண்டு அடைப்பது? நகையைக் கொண்டுதான். பாதியை விற்றுவிடுங்கள்.

நம் பக்கத்தில் நகையை வைப்பதற்கு யாரும் கூச்சப்படுவதில்லை, விற்பது என்றால் மட்டும் குடும்ப மானமே போனதுபோல் ஆகிவிடுகிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் வருடக் கணக்காக உங்கள் கழுத்துக்கு வராத நகை இது. அதைக் காப்பாற்ற வருடம் 72,000 வட்டி கட்டுகிறீர்கள். பாதியை விட்டால் மீதிப் பாதி நிரந்தரமாக வீட்டுக்கு வந்துவிடும். வளைகாப்பில் நீங்கள் போட்டுக்கொள்ளும் ஆரம் மறுநாளும் உங்கள் பீரோவில் இருக்கும்.

நகை பேங்கில் இருக்கும்போது எப்படி விற்பது என்பீர்கள். பிரசவத்துக்கு வைத்திருக்கும் 2 லட்சம் டெபாசிட்டை இரண்டு மாதத்துக்கு எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். அதில் 1.5 லட்சம் கட்டி முதல் பொட்டலத்தை, அந்த நான்கு வளையல்களை, மீட்டுங்கள். பழைய நகைக்குத் தரம் பார்த்து, அழுக்கு, அரக்கு, கல் என்று கழிப்பார்கள் என்பதால் பவுனுக்கு 90,000 மட்டும் கணக்கு வைப்போம். விலை அதற்கு மேலே போனால் உங்களுக்கு நல்லதுதான். 4 பவுனுக்கு 3.6 லட்சம். டெபாசிட் மிச்சம் 50,000ஐயும் சேர்த்தால் 4.1 லட்சம். அதில் 1.7 லட்சப் பொட்டலமும் 2 லட்ச நெக்லஸ் பொட்டலமும் வெளியே வரும். இரண்டிலும் சேர்ந்து இருப்பது 9 பவுன். அதில் மனதுக்குப் பிடிக்காத 5 பவுனை விற்றால் 4.5 லட்சம். ஆரம் இருக்கும் கடைசிப் பொட்டலத்தின் 2 லட்சத்தையும் அடைத்து, டெபாசிட்டையும் பழையபடி 2 லட்சமாக வைத்த பிறகு கையில் 90,000 இருக்கும். வீட்டில் 9 பவுன் இருக்கும். கடன் இருக்காது. மீட்கும் நாள்வரையிலான வட்டி மட்டும் இந்த 90,000த்தில் கொஞ்சம் குறையும்.

விற்கும்போது ஒரே கடையில் கேட்டுவிட்டுக் கொடுத்துவிடாதீர்கள். குறைந்தது மூன்று கடையில் எடை போட்டுப் பாருங்கள். கல்லுக்கு எவ்வளவு கழிக்கிறார்கள், தரம் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். ‘புது நகையாக மாற்றிக்கொண்டால் கூடுதலாகப் போடுகிறோம்’ என்று ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள். பணமும் பேங்க் கணக்குக்கு வரட்டும்.

வரியும் உண்டு. இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்த தங்கத்தை விற்றால் லாபத்தில் 12.5 சதவீதம். உங்களுக்குத் தனியாக வேறு வருமானம் இல்லை. அதனால் புதிய வரி முறையில் வருடத்துக்கு 4 லட்சம் வரை அடிப்படை விலக்கில் கழியும். வளையல்களை மார்ச் 31க்கு முன்னாலும், அடுத்த 5 பவுனை ஏப்ரல் முதல் வாரத்திலும் விற்றால் இரண்டு நிதியாண்டாகப் பிரிந்து வரி சில ஆயிரங்களோடு முடிந்துவிடும். எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் விற்றால் 50,000 ரூபாயை ஒட்டி வரும். உங்கள் கல்யாண நகை என்பதால் 2001 ஏப்ரல் 1 அன்றைய மதிப்பை அடக்க விலையாக வைக்கலாம். கணவருக்குத் தெரிந்த ஆடிட்டரிடம் ஒரு நடை காட்டிவிடுங்கள்.

சம்பந்தியம்மா கேட்டதற்கு வருகிறேன். அவர் ‘போடுவீர்கள்தானே’ என்றுதான் கேட்டிருக்கிறார். நீங்கள் பதில் சொல்லாமல் சிரித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அந்தச் சிரிப்பைச் சம்மதம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். வளைகாப்புப் பேச்சு எடுக்கும்போதே உங்கள் கணவர் சம்பந்தியிடம் நேராகச் சொல்லிவிடட்டும்: “எனக்கு ஓய்வு வருகிறது, குழந்தைக்கு எங்களால் முடிந்தது ஒரு பவுன்.” இதை உங்கள் மகள் வாயால் சொல்ல வைக்காதீர்கள், அவள் அந்த வீட்டில் வாழ வேண்டியவள். அந்த ஒரு பவுனையும் புதிதாக வாங்க வேண்டாம். திரும்பி வரும் 9 பவுனில் ஒரு மெல்லிய சங்கிலி நிச்சயம் இருக்கும். பாட்டி போட்ட சங்கிலி பேரக்குழந்தைக்குப் போகட்டும், அதில் எந்தக் குறையும் இல்லை. கூடவே தண்டையும் கொலுசும் அரைஞாணும் வெள்ளியில் செய்யுங்கள். நாடெங்கும் கொலுசு அனுப்பும் ஊரில் இருக்கிறீர்கள். செவ்வாய்ப்பேட்டையிலோ சிவதாபுரத்திலோ பட்டறை வைத்திருக்கும் தெரிந்தவரிடம் சொன்னால், குழந்தையின் கால் அளவுக்கு உங்கள் கண் முன்னாலேயே பற்றவைத்துத் தருவார்.

பிரசவச் செலவு தாய்வீட்டுக்கு என்று டெபாசிட் வைத்திருக்கிறீர்கள், நல்லது. ஆனால் மாப்பிள்ளையின் கம்பெனிக் குழுக் காப்பீட்டில் பிரசவத்துக்கு எவ்வளவு தருவார்கள், பிறந்த குழந்தைக்கு முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு உண்டா, சேலத்தில் எந்த ஆஸ்பத்திரியில் பணம் கட்டாமல் சேர்க்கலாம் என்று இதுவரை யாருமே கேட்கவில்லை போலிருக்கிறது. ஒரு போன் பேசினால் தெரிந்துவிடும்.

அந்தப் பாலிசி வேண்டவே வேண்டாம். வருடம் 1 லட்சம் பத்து வருடத்துக்குக் கட்ட வேண்டும். சம்பளம் நிற்கப் போகிற வீட்டில் இதைக் கொண்டுவந்து நீட்டுவதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. சேமிப்பும் காப்பீடும் கலந்த இத்தகைய பாலிசிகளில் கைக்கு வருவது பெரும்பாலும் 5, 6 சதவீதம்தான். நடுவில் நிறுத்தினால் கட்டியதே முழுதாக வராது. ஆப்பில் வாங்கும் டிஜிட்டல் தங்கத்தையும் தொடாதீர்கள், அது தங்கள் கட்டுப்பாட்டில் வராது என்று பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி 2025 நவம்பரிலேயே எச்சரித்துவிட்டது. பிறப்பது பெண்ணாக இருந்தால் செல்வமகள் சேமிப்புத் திட்டக் கணக்கைப் பெற்றோர் தொடங்கட்டும். தாத்தா பாட்டி சட்டப்படியான காப்பாளராக இல்லாமல் அதைத் தொடங்க முடியாது. பிறந்தநாளுக்கு நீங்கள் கொடுக்கும் 1,000, 2,000த்தை மகள் அதில் போட்டுக்கொள்வாள்.

உங்கள் பேரப்பிள்ளைக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உபகாரம், உங்கள் மருத்துவச் செலவு மகள் தலையில் விழாமல் பார்த்துக்கொள்வது. ஓய்வு பெற்ற அன்றே கம்பெனிக் காப்பீடு போய்விடும். இருவருக்கும் சொந்தமாக ஒரு பாலிசி இப்போதே எடுங்கள். ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு 36 மாதம் வரை காத்திருப்புக் காலம் வைக்கலாம் என்பதால் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் நஷ்டம். விலைவாசி ஏறும், அந்த 24,000 ஏறாது. கணக்கு தெரிந்தவர் வீட்டில் சும்மா உட்கார வேண்டாம். லீ பஜார் மண்டிகளில் இரண்டு மூன்றுக்கு ஜி.எஸ்.டி. கணக்கு பார்த்தால் பிரீமியத்துக்கும் கைச்செலவுக்கும் ஆகும்.

அப்புறம், பயணம். இதைக் கடைசியில் எழுதுகிறேன், ஆனால் கடைசியில் செய்யச் சொல்லவில்லை. பேரன் பிறக்கட்டும், மொட்டை முடியட்டும், காதுகுத்து முடியட்டும் என்று தள்ளினால் முழங்கால் விடாது. கடன் அடைந்த மாதத்திலிருந்து, இதுவரை வட்டிக்குப் போன மாதம் 6,000ஐ ஆர்.டி.யில் போடுங்கள். சம்பளம் இருக்கும் ஆறேழு மாதத்தில் 40,000 போலச் சேரும். இருவர் ரயிலில் காசி போய் வர அது தாராளம். மூத்த குடிமக்களுக்கான ரயில் கட்டணச் சலுகை 2020 மார்ச்சிலேயே நின்றுவிட்டது, அதனால் 60 ஆகட்டும் என்று காத்திருப்பதிலும் லாபமில்லை. ‘இப்போது போங்கள், தவணையில் கட்டுங்கள்’ என்று சுற்றுலாக்காரர்கள் விளம்பரம் செய்வார்கள், அது பெயர் மாற்றிய இன்னொரு கடன். காஷ்மீர் அடுத்த வருடம், அதே ஆர்.டி. முறையில், மண்டிக் கணக்கு வருமானத்தில்.

ஏற்காட்டுக்கு இதெல்லாம் தேவையில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி 20 கொண்டை ஊசி வளைவையும் தாண்டி ஏரி, சேர்வராயன் கோயில், பகோடா பாயிண்ட் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடலாம். மகளையும் கூட்டிப்போக நினைத்தால் அவளுடைய டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓய்வுப் பணம் கணக்கில் விழுந்த தேதியைக் குறித்து வையுங்கள். உங்கள் கணவருக்கு 60 ஆகாததால், பணம் கிடைத்த மூன்று மாதத்துக்குள், ஓய்வுச் சான்றோடு அஞ்சலகத்திலோ பேங்கிலோ மூத்த குடிமக்கள் திட்டத்தில் போட்டால்தான் ஏற்பார்கள். அந்த மூன்று மாதத்தில் யார் எதற்குக் கேட்டாலும், மாப்பிள்ளையே கேட்டாலும், “திட்டத்தில் போட்டாகிவிட்டது” என்று சொல்லும்படி முதல் வாரத்திலேயே போட்டுவிடுங்கள்.