சுடும் சுவரோரம் எந்தச் செடி நிற்கும்?

கேள்வி: பாலைவன ஊரில் இருக்கிறோம். கொல்லைப்புறம் வீட்டுக்கு மேற்கே, மணல் தரை. தண்ணீர் அதிகம் தேவையில்லை என்று நம்பி, சோற்றுக்கற்றாழையும் காகிதப்பூவும் வீட்டுச் சுவரை ஒட்டி வைத்தோம். சொட்டுநீர்க் குழாயில் தினமும் பத்து நிமிடம் விடுகிறோம். கற்றாழை செம்பழுப்பாகிச் சுருங்கிவிட்டது. காகிதப்பூவில் இலைதான், பூ இல்லை. வீட்டில் சின்னக் குழந்தை உண்டு. வேறு என்ன வைக்கலாம்?

பதில்: புதிதாக வாங்கும் முன் இருப்பதைக் காப்பாற்றுவோம். கற்றாழை தாகம் தாங்கும். ஆனால் பிற்பகல் வெயிலையெல்லாம் வாங்கி இரவுவரை அனல் விடும் சுவர் அதற்கு ஆகாது. அது பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவுக் குளிர்ச்சியில்தான் திறந்து காற்றை இழுக்கும். இரவிலும் பக்கத்தில் சூடு என்றால் எப்படித் தேறும்? மாலையில் நிழல் விழும் இடத்துக்கு மாற்றுங்கள். வேர் நன்றாக இருந்தால் மறுபடி பச்சை பிடிக்கும். காகிதப்பூ அங்கேயே இருக்கட்டும். வேர் பிடித்த பிறகு அதைக் கொஞ்சம் காயவிட்டால்தான் பூக்கும்.

எனக்கு அதிகம் கவலை தருவது உங்கள் தினசரிப் பத்து நிமிடம்தான். மேல்மண் மட்டும் நனைந்தால் வேரும் மேலேயே தங்கிவிடும். கோடையில் கொதிக்கிற மண்ணும் அதுதான். நீரிலுள்ள உப்பும் கீழே இறங்காமல் அங்கேயே படியும். செடியைச் சுற்றி வெள்ளையாகப் பொருக்கு தெரிகிறதா, பாருங்கள். எப்போதாவது விட்டாலும் ஆழமாக விடுங்கள்: சிறு செடிக்கு 1 அடி, புதருக்கு 2 அடி, மரத்துக்கு 3 அடி ஆழம் ஈரம் இறங்க வேண்டும். ஒரு மெல்லிய இரும்புக் கம்பியை மண்ணில் குத்தினால் ஈரம் உள்ளவரை சுலபமாக இறங்கும், காய்ந்த இடத்தில் நின்றுவிடும். செடி அகலமாக அகலமாகச் சொட்டுவாயையும் தண்டிலிருந்து தள்ளி வையுங்கள். எந்த வறட்சிச் செடியானாலும் முதல் இரண்டு கோடைக்கு இந்தக் கவனிப்பு வேண்டும். வேர் கீழே போன பிறகுதான் அது தானாக நிற்கும்.

அப்புறம் புதிய செடிகள். முதலில் நிழலுக்கு ஒரு மரம். என் தேர்வு வன்னி. அரேபியப் பாலையிலிருந்து தார் பாலைவரை தானாக விளைவது, ஐக்கிய அரபு அமீரகத்தின் தேசிய மரம். வளர்ச்சி மெதுவாகத்தான் இருக்கும், முள்ளும் உண்டு. அதனால் குழந்தை ஓடியாடும் இடத்தைவிட்டுத் தள்ளி நடுங்கள். அதன் இனத்தைச் சேர்ந்த சீமைக்கருவேலம் சீக்கிரம் நிழல் தரும் என்று யாராவது சொன்னால் வேண்டாம். பரவ ஆரம்பித்தால் அடக்க முடியாது. புதருக்கு ஆவாரை எனக்கு மிகவும் பிடிக்கும். கொத்துக் கொத்தாக மஞ்சள் பூ, அவ்வப்போது நுனி கத்தரித்தால் போதும்.

வெயில் தணிந்ததும் நடுங்கள், கோடையில் வேண்டாம். குழி ஆழமாக இருப்பதைவிட அகலமாக இருப்பது நல்லது. தோண்டியதும் நீர் நிரப்பிப் பாருங்கள். மறுநாளும் தேங்கியிருந்தால் கீழே சுண்ணாம்புப் பாறை இருக்கலாம். வேறு இடம் பாருங்கள்.

அரளியும் அடினியமும் (பாலைவன ரோஜா) இந்த வெயிலுக்கு அருமையாகப் பூக்கும். ஆனால் இரண்டும் நஞ்சு. அடினியத்தின் சாற்றை ஆப்பிரிக்காவில் வேட்டை அம்புகளில் தடவியிருக்கிறார்கள். குழந்தை விவரம் தெரியும் வயதுக்கு வரும்வரை இரண்டும் உங்கள் கொல்லையில் வேண்டாம்.