தண்ணீருக்கு எதிர்க்கட்சியில் யார் பொறுப்பு? நிழல் அமைச்சரவை பற்றிய கேள்வி-பதில்

ஒவ்வொரு அமைச்சருக்கும் எதிரே எதிர்க்கட்சி தன் ஆள் ஒருவரை அந்தத் துறைக்கென்று நிறுத்துவதுதான் நிழல் அமைச்சரவை. போன வாரம் அதைப் பற்றி எழுதியதும் தில்லித் தமிழர்களிடமிருந்து நிறைய கேள்விகள் வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து, முக்கியமானவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

நிழல் அமைச்சர் என்றால் என்னதான் வேலை? டிவியில் பேசுகிற செய்தித் தொடர்பாளர் மாதிரியா? (மயூர் விஹார்)

இல்லைங்க அம்மா. செய்தித் தொடர்பாளர் இன்று வெங்காய விலை பற்றிப் பேசுவார், நாளை எல்லைப் பிரச்சினை பற்றிப் பேசுவார். நிழல் அமைச்சருக்கு ஒரே துறைதான். சுகாதாரம் என்றால் சுகாதாரம். அந்த அமைச்சர் என்ன அறிவித்தார், பட்ஜெட்டில் எவ்வளவு ஒதுக்கினார்கள், அதில் எவ்வளவு செலவானது, அடுத்து என்ன மசோதா வருகிறது என்று எல்லாவற்றையும் விடாமல் பின்தொடர்ந்து, அவையில் அந்த அமைச்சருக்கு எதிரே எழுந்து நின்று கேட்பவர் அவர்தான். பிரிட்டனில் இது ஊறிப்போன வழக்கம். அங்கே புதன்கிழமைதோறும் எதிர்க்கட்சித் தலைவர் பிரதமரிடம் 6 கேள்விகள் கேட்கிறார். மற்ற அமைச்சர்கள் முறை வைத்து அவைக்குப் பதில் சொல்ல வரும் நாளில் அந்தந்த நிழல் அமைச்சர் கேட்கிறார்.

அவர்களுக்குச் சம்பளம், கார், பங்களா எல்லாம் உண்டா? அரசாங்கக் கோப்புகளைப் பார்க்க முடியுமா? (ரோகிணி)

கோப்புகளைப் பார்க்க முடியாது. 1964 முதல் பிரிட்டனில் ஓர் ஏற்பாடு இருக்கிறது: தேர்தல் நெருங்கும்போது, பிரதமரின் அனுமதியோடு, எதிர்க்கட்சியினர் துறைச் செயலர்களைச் சந்தித்து, நாங்கள் வந்தால் இதையெல்லாம் செய்ய நினைக்கிறோம் என்று சொல்லலாம். அவ்வளவுதான்.

சம்பளமும் எல்லோருக்கும் கிடையாது. அங்கே எதிர்க்கட்சித் தலைவருக்கு 1937 முதல் சட்டப்படி சம்பளம் உண்டு, தலைமைக் கொறடா போன்ற வெகு சிலருக்கும் உண்டு. மற்ற நிழல் அமைச்சர்கள் எம்.பி. சம்பளத்தில்தான் வேலை செய்கிறார்கள். ஆனால் 1975 முதல் எதிர்க்கட்சிகளின் நாடாளுமன்றப் பணிக்கென்றே அரசு பணம் கொடுக்கிறது. அதில் ஆய்வாளர்களை வைத்துக்கொள்ளலாம். காரை விட இதுதான் பெரிய விஷயம் என்பேன். ஓர் அமைச்சருக்குப் பின்னால் ஒரு செயலகமே உட்கார்ந்து பதில் எழுதித் தருகிறது, எதிரே நிற்பவருக்குப் புள்ளிவிவரம் தேடிக்கொடுக்க இரண்டு பேராவது வேண்டாமா?

பத்து சதவீத இடம் இருந்தால்தான் எதிர்க்கட்சித் தலைவர் என்பது அரசியலமைப்பில் எந்தப் பிரிவு? (ராஜிந்தர் நகரில் தங்கி யு.பி.எஸ்.சி. படிப்பவர்)

எந்தப் பிரிவும் இல்லை தம்பி, தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். முதல் மக்களவையின் சபாநாயகர் மவ்லங்கர் காலத்தில் வந்த வழக்கம் அது. பிறகு சபாநாயகரின் நெறிமுறைகளில் இடம்பிடித்துவிட்டது. 1977-ல் வந்த எதிர்க்கட்சித் தலைவர் சம்பளச் சட்டத்தைப் படித்துப் பாருங்கள். அரசை எதிர்க்கும் கட்சிகளில் அதிக உறுப்பினர் உள்ள கட்சியின் தலைவர், அவரை சபாநாயகர் அங்கீகரிக்க வேண்டும், இவ்வளவுதான் இருக்கும். சதவீதமே கிடையாது.

இந்த வழக்கத்தால் 1969-ல் ராம் சுபக் சிங் வரும் வரை மக்களவையில் அங்கீகரிக்கப்பட்ட எதிர்க்கட்சித் தலைவரே இல்லை. 2014-ல் காங்கிரசுக்கு 44, 2019-ல் 52, தேவைப்பட்டது 55. பத்து வருடம் அந்த நாற்காலி காலியாக இருந்து, 99 இடங்கள் கிடைத்த 2024-ல்தான் ராகுல் காந்தி அதில் உட்கார்ந்தார். ஆனால் நம் தில்லி சட்டசபையைப் பாருங்கள். 2015-ல் 70-ல் 3 இடம் மட்டுமே பெற்ற பா.ஜ.க.வின் விஜேந்தர் குப்தாவை எதிர்க்கட்சித் தலைவராக ஏற்றுக்கொண்டார்கள். மனமிருந்தால் முடியும் என்பதற்கு இதை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. தேர்வில் கட்டாயம் எழுதுங்கள்.

இந்தியாவில் யாராவது நிழல் அமைச்சரவை அமைத்திருக்கிறார்களா? ஏன் நிலைக்கவில்லை? (கரோல் பாக்)

அமைத்திருக்கிறார்கள். மகாராஷ்டிராவில் 2020 மார்ச்சில் ராஜ் தாக்கரேயின் நவநிர்மாண் சேனா அறிவித்தது, அப்போது அவர்களுக்கு ஒரே ஒரு எம்.எல்.ஏ. ஒடிசாவில் 2024-ல் ஆட்சியை இழந்த சில வாரங்களில் நவீன் பட்நாயக் தன் எம்.எல்.ஏ.க்களுக்குத் துறைகளைப் பிரித்துக் கொடுத்தார். தமிழ்நாட்டில் பா.ம.க. வருடாவருடம் நிழல் நிதிநிலை அறிக்கை வெளியிடுவதையும், வேளாண்மைக்குத் தனியாக ஒன்று போடுவதையும் இந்தக் கணக்கில்தான் சேர்ப்பேன். அந்தக் கட்சியைப் பிடிக்கிறதோ இல்லையோ, அது நல்ல பழக்கம்.

ஏன் நிலைப்பதில்லை என்றால், ஒருவருக்கு இன்றைக்கே நிதி என்று எழுதிக்கொடுத்தால் நாளை ஆட்சி வந்ததும் அவர் நிதித் துறையைக் கேட்பார், மற்ற பத்துப் பேர் இப்போதே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். தலைவர்களுக்கு இந்தப் பயம் உண்டு. எதிரணியில் பத்துப் பதினைந்து கட்சிகள் இருக்கும்போது உள்துறை யாருக்கு, வேளாண்மை யாருக்கு என்ற பங்கீடே தேர்தல் கூட்டணிப் பேச்சுவார்த்தை மாதிரி இழுக்கும். பிரிட்டனிலும் எல்லாம் சுமுகம் என்று நினைக்க வேண்டாம், 2016-ல் ஐரோப்பிய ஒன்றிய வாக்கெடுப்பு முடிந்த சில நாட்களில் அப்போதைய எதிர்க்கட்சித் தலைவர் ஜெரமி கார்பினின் நிழல் அமைச்சரவையிலிருந்து ஒரு டஜனுக்கும் மேற்பட்டவர்கள் விலகினார்கள்.

இருந்தாலும் இங்கேயும் வேண்டும் என்றுதான் நான் சொல்வேன். மக்களவையில் ஒரு மசோதா வரும்போது ஒவ்வொரு கட்சிக்கும் அதன் பலத்துக்கு ஏற்ப நேரம் கிடைக்கும், கட்சி அன்றைக்கு யாருடைய பெயரைக் கொடுக்கிறதோ அவர் பேசுவார். போன கூட்டத்தொடரில் மின்சாரம் பற்றிப் பேசியவர் வேறு, இந்தத் தடவை பேசுகிறவர் வேறு. அமைச்சர் ஆறு மாதம் முன்பு கொடுத்த வாக்குறுதியை ஞாபகம் வைத்திருந்து திருப்பிக் கேட்க ஆளே இல்லாமல் போகிறது. பேச்சு நன்றாகத்தான் இருக்கும், மேஜையைத் தட்டுவார்கள், ஆனால் தொடர்ச்சி இருக்காது. இதை மாடத்தில் உட்கார்ந்து பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறாது.

இதற்குச் சட்டத் திருத்தம் எதுவும் தேவையில்லை என்பதுதான் முக்கியம். அமைச்சகங்களை ஐந்து குழுக்களாகப் பிரித்து வாரத்தில் ஒவ்வொரு நாளும் ஒரு குழு பதில் சொல்லும்படி ஏற்கனவே ஏற்பாடு இருக்கிறது, மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகள், அதாவது அமைச்சர் அவையிலேயே வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்விகள், எடுக்கிறார்கள். ஒரு கட்சி தன் எம்.பி. ஒருவரை ஒரு துறைக்கென்று வைத்து, அதே துறையை ஆராயும் எம்.பி.க்கள் குழுவான நிலைக்குழுவிலும் அவரையே உட்கார வைத்தால் பாதி வேலை முடிந்தது. கேள்விகள் குலுக்கலில்தான் தேர்வாகும் என்பதால் அவர் பெயர் தினமும் வராது. நாலைந்து பேர் சேர்ந்து அதே விஷயத்தைக் கேட்டு அனுப்பினால் வாய்ப்பு கூடும்.

நிழல் அமைச்சராக இருந்தவரே பிறகு அமைச்சர் ஆவாரா? (துவாரகா)

கட்டாயம் இல்லை, ஆனால் பல சமயம் நடக்கும். பிரிட்டனில் கார்டன் பிரவுன் 1992-லிருந்து நிழல் நிதியமைச்சர், 1997 மே மாதம் நிதியமைச்சர். பதவியேற்ற சில நாட்களில் வட்டி விகிதத்தைத் தீர்மானிக்கும் அதிகாரத்தை பேங்க் ஆஃப் இங்கிலாந்திடம் கொடுத்துவிட்டார். வீட்டுப்பாடத்தை முன்பே முடித்துவிட்டு வந்தவர் அவர். ரேச்சல் ரீவ்ஸ் 2021-லிருந்து நிழலாக இருந்து 2024-ல் நிஜமாக அந்த இடத்துக்கு வந்தார்.

எங்கள் தெருவில் தண்ணீர் லாரி வருவதே நிச்சயமில்லை. நிழல் அமைச்சர் வந்தால் எனக்கு என்ன லாபம்? (முனிர்க்கா)

தண்ணீர் உடனே வராது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் தில்லி இதற்கு ரொம்பப் பொருத்தமான ஊர். முதல்வரையும் சேர்த்து 7 அமைச்சர்கள்தான் இருக்க முடியும், 2025 தேர்தலில் எதிர்க்கட்சிக்கு 22 எம்.எல்.ஏ.க்கள் கிடைத்தார்கள். ஓர் அமைச்சருக்கு எதிரே மூன்று பேரைக் கூட நிறுத்தலாம். போலீசும் நிலமும் மத்திய அரசிடம் இருப்பதால் அவற்றை நாடாளுமன்றத்தில்தான் கேட்க வேண்டும், தண்ணீர் அப்படி இல்லை, சட்டசபையிலேயே கேட்கலாம். அடுத்த தடவை எதிர்க்கட்சிக்காரர் உங்கள் தெருவுக்கு வந்தால் ஆளுங்கட்சியைத் திட்டுவதைக் கேட்டுவிட்டு, உங்கள் கட்சியில் தண்ணீரைப் பார்த்துக்கொள்வது யார், அவர் போன கூட்டத்தொடரில் அதைப் பற்றி என்ன கேட்டார் என்று விசாரியுங்கள். பதிலை எனக்கும் அனுப்புங்கள்.