கம்பளத்தில் ஏறிய டாங்கி

கேள்வி: இத்தனை ஆண்டுப் போருக்கு நடுவே ஆப்கன் மக்கள் அன்றாடம் எப்படித்தான் வாழ்ந்தார்கள்?
– ஒரு வாசகி

பதில்: காபூல் கடையொன்றில் நான் பார்த்த கம்பளத்தைச் சொல்கிறேன். பூக்கள் இருக்க வேண்டிய இடத்தில் டாங்கி, ஹெலிகாப்டர், கலாஷ்னிகோவ் துப்பாக்கி! 1979 டிசம்பரில் சோவியத் படை நுழைந்த பிறகு, கண்ணில் பட்டதையெல்லாம் நெசவாளர்கள் கம்பளத்தில் முடிச்சிட்டார்கள். (வெளிநாட்டார் விரும்பி வாங்கியதும் உண்மை.) 1989இல் அந்தப் படை வெளியேறியது, போர் வெளியேறவில்லை. 1992 முதல் உள்நாட்டுச் சண்டை காபூலின் பல பகுதிகளை இடிபாடாக்கியது. அப்போதும் தந்தூர் அடுப்பில் ரொட்டி வெந்தது, விருந்தினருக்குப் பச்சைத் தேநீர் ஊற்றப்பட்டது. அந்த மக்கள் மீது எனக்கு அளவற்ற மரியாதை. 2021இல் தாலிபான் திரும்பியபின், ஆறாம் வகுப்புக்கு மேல் படிக்கச் சிறுமிகளுக்குத் தடை. அதை நினைத்தால் என் கோபம் ஆறுவதே இல்லை.