மணல் எங்கே போனது?

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் குடும்பத்துடன் புதுச்சேரி போயிருந்தோம். காலையில் தாவரவியல் பூங்கா, பிறகு பாரதி பூங்கா, மாலையில் கடற்கரைச் சாலையில் நடை. பூங்காக்களில் குறையில்லை. கடற்கரைதான் ஏமாற்றிவிட்டது. மணல்வீடு கட்ட வாளியோடு வந்த பிள்ளைகளுக்குக் கருங்கல் குவியலைத்தான் காட்ட முடிந்தது. தலைமைச் செயலகத்தின் எதிரே மட்டும் கொஞ்சம் மணல். இதற்கா இவ்வளவு புகழ்?

ஒரு வாசகர், ஈரோடு

அன்புள்ள நண்பருக்கு,

பிள்ளைகளின் கோபம் நியாயமானது. அங்கே முன்பு இருந்த மணலில் ஓடி விளையாடியவர்கள் இன்னும் அந்த ஊரில் இருக்கிறார்கள்.

நம் கிழக்குக் கரையில் அலைகள் மணலை ஓயாமல் நகர்த்துகின்றன. வாடைக் காலத்தில் தெற்கே தள்ளும். மற்ற மாதங்களில் வடக்கே. கணக்குப் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். 1980களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்சுவர் நீட்டினார்கள். தெற்கிலிருந்து வந்த மணல் அங்கேயே தங்கிவிட்டது. வடக்கே இருந்த நகரத்தின் கரையைக் கடல் அரித்தது. அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டினார்கள். அதற்கும் வடக்கே இருந்த மீனவக் குப்பங்களை அரிக்கத் தொடங்கியது. வீட்டுக் குப்பையைப் பக்கத்து வாசலில் தள்ளுவது போன்ற வைத்தியம். படகை ஏற்றி வைக்கவும் வலையை உலர்த்தவும் மணல் வேண்டும். நமக்கு ஒரு மாலைப் பொழுது போனது, அவர்களுக்குத் தொழிலிடமே போனது.

நீங்கள் பார்த்த அந்தக் கொஞ்சம் மணலை அலட்சியமாகச் சொல்லிவிட்டீர்கள். 2018-இல் சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் அந்த இடத்தில் நீருக்கடியில் ஒரு செயற்கைத் திட்டு அமைத்தது. அலையின் வேகம் அதில் தணிய, மணல் மெல்லத் திரும்பி வந்தது. எனக்கு அந்தத் துண்டுக் கரைதான் ஊரின் மிகச் சுவையான காட்சி, பிரெஞ்சு வீதிகளைவிட.

பாரதி பூங்காவின் நடுவே வெள்ளை மண்டபம் ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். ஆயி மண்டபம். ஆயி என்ற தாசியின் மாளிகையைக் கோயில் என்று நினைத்து கிருஷ்ணதேவராயர் வணங்கிவிட்டாராம். உண்மை தெரிந்ததும் அதை இடிக்க உத்தரவு. அவளே இடித்து அங்கே குளம் வெட்டினாள் என்பது கதை. பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் காலத்தில், அந்தக் குளம் இருந்த முத்திரப்பாளையத்திலிருந்து நகரத்துக்குக் குடிநீர் வந்தபோது அவள் நினைவாக எழுப்பியது அது. கடலோரத்தில் இருந்துகொண்டு நல்ல தண்ணீருக்கு உள்நாட்டை நம்பிய ஊர். பூங்காவில் நிழலுக்கு ஒதுங்குபவர்கள் இதை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

ஒரு தவறு உங்களுடையது. கிழக்குக் கடலுக்கு மாலையில் போனால் சூரியன் முதுகுக்குப் பின்னால்தான் மறையும். அடுத்த முறை விடியலில் போங்கள், பூங்காவை வெயில் ஏறியபின் வைத்துக்கொள்ளுங்கள். காந்தி சிலையிலிருந்து வடக்கே நடந்தால், மணல் எங்கே முடிந்து கல் எங்கே தொடங்குகிறது என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். காலை ஏழரைக்குச் சாலையில் வண்டிகளை விட்டுவிடுவார்கள். வாளியை மறக்க வேண்டாம்.