லடாக்கில் உள்ள லே நகருக்குப் போகும் முன் பைக்கை நானே தயார் செய்ய முடியுமா?

தாராளமாக. என்ஜினைப் பிரிக்க வேண்டாம். செயின், கேபிள், பஞ்சர் வேலை தெரிந்தால் போதும். செயினைத்தான் பலர் சொதப்புவார்கள். பின்சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் பல இடங்களில் தளர்வைப் பாருங்கள். எங்கே அதிகம் இறுகுகிறதோ, அந்த இடத்தில் வைத்துக் கையேட்டு அளவுக்குச் சரிசெய்யுங்கள். விறைப்பாக இழுத்தால் பேரிங் காலி.

புது கிளட்ச் கேபிளைப் பழையதோடு ஒட்டியே ஓடவிட்டு டேப் சுற்றுங்கள். அறுந்தால் முனைகளை மாற்றினால் முடிந்தது. உங்கள் பைக் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 என்றால் முன்சக்கரம் 21 அங்குலம், பின்சக்கரம் 17. இரண்டுக்கும் டியூப் எடுங்கள்.

மணாலி-லே சாலையில் டாண்டி என்ற ஊரின் பெட்ரோல் பங்க்கில், அடுத்த பங்க் 365 கி.மீ. தள்ளி என்று பலகையே வைத்திருந்தார்கள். அந்த ரூட்டில் வண்டியை ஓரங்கட்டினால், வருகிற ரைடர் கட்டைவிரலைத் தூக்கி ‘ஓகேவா?’ என்று கேட்பார். தண்ணீர் குடிக்க நின்றிருந்தால் பதிலுக்கு விரலைத் தூக்கிவிடுங்கள்; இல்லாவிட்டால் ஸ்பேனரோடு இறங்கிவிடுவார்.