பயங்கரவாதிகள் அணுகுண்டு வெடித்தால், பதிலுக்கு அணுகுண்டு போடுவது நியாயமா? பதுங்குகுழியை மட்டும் அழிக்கும் சிறிய குண்டு என்றால் பரவாயில்லையா?

நியாயமில்லை. ஒரு நகரமே அழிந்திருந்தாலும் என் பதில் இதுதான். யாரைத் திருப்பி அடிக்க வேண்டும் என்பது உரிய நேரத்தில் தெரியாது. தெரிய வரும்போது அது தற்காப்பாக இருக்காது.

ஏவுகணை கிளம்பிய இடம் செயற்கைக்கோளில் பதிவாகிவிடும். லாரியிலோ கன்டெய்னரிலோ வந்த குண்டுக்கு முகவரி கிடையாது. தூசியையும் மண்ணையும் அள்ளி, ஐசோடோப்புகளின் (ஒரே தனிமத்தின் வெவ்வேறு எடையுள்ள அணு வகைகளின்) விகிதத்தை அளந்துதான் தடம் பிடிக்க வேண்டும். புளூட்டோனியம்-241 சுமார் 14 ஆண்டில் பாதியாகக் குறைந்து அமெரிசியம்-241 ஆகும். இரண்டின் விகிதம், பொருள் கடைசியாகச் சுத்திகரிக்கப்பட்ட காலத்தைக் காட்டும். முழு ஆய்வுக்கு நாட்கள், சில சமயம் வாரங்கள் ஆகும். ஒப்பிட்டுப் பார்க்க, சந்தேகப்படும் நாட்டின் அணுப்பொருள் மாதிரி இல்லையென்றால், கையில் எண்கள் மட்டுமே மிஞ்சும்.

1999 மே மாதம் பல்கேரியாவின் ரூசே எல்லையில் ஒரு கார் சிக்கியது. டயருக்குக் காற்றடிக்கும் பம்புக்குள் ஈயப் பொதி, அதனுள் மஞ்சள் மெழுகு, மெழுகுக்குள் கண்ணாடிக் குப்பி, குப்பியில் சுமார் 4 கிராம் செறிவூட்டிய யுரேனியம். வெடிக்காமல், சிதறாமல் முழுசாகக் கிடைத்த பொருள் இது. அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகம் அதை மாதக்கணக்கில் ஆராய்ந்தது. அணுப்பிளவுக்கு உதவும் யுரேனியம்-235 அதில் சுமார் 72 சதவீதம் என்பதும், உலையில் எரிந்த எரிபொருளை 1993 வாக்கில் மறுசுத்திகரித்து எடுத்தது என்பதும் தெரிந்தன. எந்த ஆலை, யார் கைமாற்றியது என்பது உறுதியாகவில்லை.

ஆலை தெரிந்தாலும், அரசு கொடுத்ததா, ஊழியர் விற்றாரா, திருட்டுப் போனதா என்பதை எந்த ஐசோடோப்பும் சொல்லாது. குற்றம் யாருடையது என்பதோ அதில்தான் இருக்கிறது. 2001-இல் அமெரிக்காவில் ஆந்த்ராக்ஸ் கிருமி வைத்து அனுப்பிய கடிதங்களால் 5 பேர் இறந்தபோது, பலர் ஈராக்கைக் கைகாட்டினார்கள். கிருமி வந்தது அமெரிக்க ராணுவ ஆய்வகத்திலிருந்தே என்ற முடிவை அந்நாட்டுப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ 2008-இல்தான் அறிவித்தது.

இப்படித் தாக்கினால் அணுகுண்டால் திருப்பி அடிப்போமா என்பதை அரசுகள் தெரிந்தே மூடுமந்திரமாக வைத்திருக்கின்றன. பயங்கரவாத வழியை நாடும் நாட்டுத் தலைவர்களுக்குப் பதிலடி வழக்கமான ஆயுதமாகவும் இருக்கலாம், வேறு வகையாகவும் இருக்கலாம் என்று 2006 ஜனவரியில் பிரெஞ்சு அதிபர் ஷிராக் பேசினார். 2003 ஜனவரியில் இந்தியா வெளியிட்ட கொள்கை, முதல் அணுத்தாக்குதலுக்குப் பதிலடி மிகப் பெரிதாக இருக்கும் என்கிறது. தாக்கியது அரசா, ஆயுதக் குழுவா என்று பிரித்துச் சொல்லவில்லை. மிரட்டல் இருந்தால்தான் நாடுகள் தங்கள் அணுப்பொருள் கிடங்கைப் பத்திரமாகப் பூட்டும் என்பார்கள். அது வலுவான வாதம்தான். ஆனால் கிடங்கில் சில கிலோ குறைந்துபோன நாட்டை யோசித்துப் பாருங்கள். உண்மையைச் சொன்னால் நாளை தன் நகரம் எரியலாம் என்றால் அது வாயைத் திறக்குமா? திருட்டு உடனே வெளியே தெரிந்தால்தான் குண்டு வெடிப்பதற்கு முன் பிடிக்க முடியும். நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான்.

சட்டமும் துணைக்கு வராது. தற்காப்பு என்றால் அவசியமும் அளவும் வேண்டும். 1996-இல் சர்வதேச நீதிமன்றம், நாடே அழியும் நிலையில் அணு ஆயுதம் கூடுமா கூடாதா என்று முடிவாகச் சொல்லவில்லை; அதுவும் 7-க்கு 7 என்று பிரிந்து, தலைவரின் வாக்கால் நிறைவேறியது. ஒரு நகரத்தில் வெடித்த ஒரு குண்டு பெரும் கொடுமை. ஆனால் ஒரு பெரிய நாட்டின் இருப்பை அது முடித்துவிடாது.

சிறிய குண்டும் விடையல்ல. பாறைக்குள் சில மீட்டர்தான் அது புகும். வெடிப்பை மண்ணுக்குள் அடக்கிவைக்க அந்த ஆழம் போதவே போதாது. தரைக்கு அருகே வெடிப்பதால் பெயர்ந்தெழும் மண் கதிரியக்கத் தூசியாகிக் காற்றோடு போகும். அமெரிக்க தேசிய ஆய்வு மன்றம் 2005-இல் கணக்கிட்டதில், இலக்கு நகருக்கு அருகில் இருந்தால் உயிரிழப்பு, தரைமட்டத்தில் வெடிக்கும் அதே அளவு குண்டுக்கு நிகராகவே வந்தது.