லீக்கா, சீப்பேஜா?

கேள்வி: இரண்டாவது மாடியில் ஃபிளாட் வாங்கி மூன்று வருடம் ஆகிறது. குளியலறையை ஒட்டிய படுக்கையறைச் சுவரில் பெயின்ட் உப்பி உதிர்கிறது. பில்டரோ, “இது லீக் இல்ல சார், சீப்பேஜ். கடலோர ஊர்ல சகஜம்” என்கிறார். சீப்பேஜ் என்றால் என்ன? எங்கிருந்து வந்த சொல்?
- ஒரு வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: சொல் எங்கிருந்து வந்தது என்பது இருக்கட்டும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பில்டரைக் கேட்டீர்களா?

ஓட்டை, வெடிப்பு, கழன்ற ஜாயின்ட் என ஒரு வழி கிடைத்து ஒழுகினால் அது லீக். செங்கல், சிமென்ட்டின் நுண்துளைகளில் ஊறி ஊறி வெளியே வந்தால் சீப்பேஜ். பழைய ஆங்கிலத்தில் ‘சிபியன்’ என்றொரு வினை உண்டு, ஊறுதல் என்று பொருள். அதிலிருந்து வந்ததாகவே அகராதிகள் கருதுகின்றன. வட்டார வழக்கில் ‘சைப்’ என்று புழங்கி, 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் ‘சீப்’ என்று அச்சேறியது. டச்சு மொழியில் இதற்கு உறவு ‘சைப்பெலன்’. 17-ஆம் நூற்றாண்டில் நம் தேவனாம்பட்டினத்தில் கடை விரித்த டச்சுக்காரர்களும் ஐப்பசி மழையில் கிடங்குச் சுவரைப் பார்த்து அதைச் சொல்லித்தான் இருப்பார்கள்!

இனி உங்கள் சுவர். தரையிலிருந்து ஓதம் ஏறி, உப்பு பூத்து, பூச்சு பொரிந்து விழுவது கடலோரத்தில் சகஜம்தான். ஆனால் அது தரைத்தள வீட்டின் நோய்; இடுப்பளவு ஏறுவதே அதிகம். இரண்டாவது மாடிக்குக் கடல் படியேறி வராது. குளியலறையை நாலு நாள் பூட்டி வையுங்கள். சுவரில் ஈரம் குறைந்தால் கழிவுக் குழாயோ தரையின் வாட்டர்புரூஃபிங்கோதான் காரணம். நின்ற பாடில்லை என்றால், சுவருக்குள் ஓடும் தண்ணீர்க் குழாயைப் பாருங்கள். மூன்றுமே கட்டியவர் வேலை.

2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம், பிரிவு 14(3), லீக் வேறு சீப்பேஜ் வேறு என்று பார்ப்பதில்லை. வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் வேலைத்தரத்தில் குறை தெரியவந்து, நீங்கள் தெரிவித்தால், 30 நாட்களுக்குள் செலவு வாங்காமல் பில்டர் சரிசெய்து தர வேண்டும். உங்களுக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது. போனில் பேசிக்கொண்டிருக்காமல், போட்டோவுடன் ஸ்பீட் போஸ்ட்டில் கடிதம் அனுப்புங்கள். அதில் ‘சீப்பேஜ்’ என்றே எழுதுங்கள். அவர் வாயால் சொன்ன சொல் ஆயிற்றே, மறுக்க மாட்டார்.